பலாமரத்தின் அடியையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாவலப்பிட்டிப் பக்கம் எங்கள் சிறு டவுனில், பாதை முனையில் நின்ற பெரிய பலாமரத்தைப் போன மாதம் வெட்டி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அனுமதிப் பத்திரம் இருந்தது, கேட்டதும் எடுத்துக் காட்டினார்கள். பட்டுப்போன மரம், வீட்டுக் கூரைக்கு ஆபத்து என்று எழுதியிருந்தது. மரம் பட்டுப்போனது உண்மைதான். அது எப்படிப் பட்டுப்போனது என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் அந்த மரத்தின் அடியில், முழங்கால் உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிவரப் பட்டையை யாரோ உரித்திருந்தார்கள். இலை ஆக்கும் சாப்பாடு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழியை அறுத்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து, மரம் மெல்ல மெல்லச் சாகும். பச்சை மரத்துக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். பட்ட மரத்துக்கு யார் மறுப்பார்கள்?

மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் பெயர் சொல்லிக் காக்கிறது. பெண் பனை நம் மலைக்கு இல்லை. மற்ற இரண்டும் சொந்தக் காணியில் நின்றாலும் பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. மூன்றுமே மனிதருக்குச் சாப்பாடு போடும் மரங்கள் என்பதைக் கவனியுங்கள்.

2022இல் அரிசி விலை ஏறி, கேஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில் இந்த ஒரு மரத்துக் காய் ஏழெட்டு வீட்டு அடுப்பில் வெந்தது. பிஞ்சைப் பொலொஸ் கறியாக்கினோம். முற்றிய காயை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டுச் சாப்பிட்டோம், கொட்டையைச் சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். காணிக்காரர் வீட்டு அம்மா, பாவம், அப்போது உயிரோடு இருந்தார். யார் போய்க் கேட்டாலும், "பறிச்சிட்டுப் போங்க" என்பார்.

ஆபத்தான மரத்தை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலை சரிந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சாய்ந்து நிற்கும் டர்பன்டைன் மரத்தை வெட்டித் தரச் சொல்லித் தோட்டத்து ஆட்கள் அலையாய் அலைகிறார்கள். அந்த மரம் அவர்களுடையதும் இல்லை, காணியும் அவர்களுடையது இல்லை. அதைத்தான் முதலில் வெட்டித் தரவேண்டும். ஆனால் அவர்களுடைய அந்த நியாயமான பயத்தைப் பலாப் பலகைக்கு ஆசைப்படுகிறவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். கதவு, ஜன்னல், கட்டில் என்று அந்த மஞ்சள் பலகைக்கு எப்போதும் நல்ல விலை.

கிராம உத்தியோகத்தர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. மரத்தைப் பார்க்கப் போகும்போது கிளையை மட்டும் பார்க்காமல் குனிந்து அடியையும் பாருங்கள். பட்டை உரித்திருக்கிறதா, துளை போட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரு படத்தையும் எடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். அப்புறம், வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அறிவித்தலை அந்த மரத்திலேயே ஒட்டுங்கள். அக்கம்பக்கத்தவருக்கு ஏதாவது தெரிந்திருந்தால் வந்து சொல்ல அவகாசம் இருக்கும்.

எங்கள் பாதையில் இன்னும் இரண்டு பலாவும் ஓர் ஈரப்பலாவும் நிற்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை ஈரப்பலாவின் அடியில் புதிதாகத் துளை போட்டிருப்பதைக் கண்டேன். மரம் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலையிலேயே போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாவலப்பிட்டி