அங்கன்வாடி பின்புறம் சானல் கரையில் உள்ள ஊமத்தைச் செடிகளை அகற்றக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
சானல் கரைத் தெரு பொதுமக்கள் மற்றும் மகளிர் சுயஉதவிக் குழுவினர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: அங்கன்வாடி மையத்தின் பின்புறம் சானல் கரையில் மண்டிக் கிடக்கும் ஊமத்தைச் செடிகளை வேரோடு அகற்றித் தரக் கோருவது தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் ஏற்கெனவே அளித்த மனுக்களும் அவற்றுக்கான ரசீதுகளும். (பதில் ஏதும் வராததால் பார்வையில் குறிப்பிட எங்களிடம் வேறு கடிதம் இல்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தக்கலையிலிருந்து வரும்போது புளியமூடு தாண்டி, ரேஷன் கடைக்கு எதிரே இறங்கும் சானல் பாலம். சென்ற மழையில் கரை உடைந்ததைப் பார்க்கத் தங்கள் வண்டி வந்து நின்றது அந்தப் பாலத்தில்தான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் அங்கன்வாடியின் பின்சுவர் தெரியும். இப்போது சுவரின் மேல்பாதிதான் தெரிகிறது. கீழ்ப்பாதியை ஊமத்தை மறைத்துவிட்டது. அதை அகற்றித் தரும்படி தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். காரணங்களைக் கீழே தருகிறோம்.

1. வெள்ளைப்பூ ஊமத்தையும் கருஊமத்தையும் கலந்து, பாலத்திலிருந்து மடை வரை கரை முழுக்க நிற்கிறது. ஆடு, மாடு எதுவும் இதில் வாய் வைப்பதில்லை. மற்றப் புல்பூண்டை அவை மேய்ந்து முடித்துவிட, இது மட்டும் வளர்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஆண்டுக்கு இரண்டு தடவை புதிதாக முளைக்கிறது.

2. ஒருமுறை வெட்டினார்கள், அதை மறைக்கவில்லை. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை விட்டு, காய் முற்றி வெடிக்கிற சமயத்தில் வெட்டி, வெட்டியதை அதே கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முள்ளுக்காயிலும் நூற்றுக்கணக்கில் விதை. எல்லாம் அங்கேயே கொட்டியது. கொஞ்சம் சானல் தண்ணீரில் போய், கீழே வாழைத்தோட்டம் வரை முளைத்துவிட்டது. வெட்டியதற்கு முன்பு இருந்ததைவிட இப்போது அதிகம். வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு கையுறைகூடக் கொடுக்கவில்லை. செடியைப் பிடித்த கையால் கண்ணைக் கசக்கிய ஒரு அக்காவுக்கு ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து, பார்வை மங்கிப்போனது. தலைக்குள் ரத்தக்கசிவோ என்று டாக்டரே முதலில் பயந்துவிட்டார். அந்தச் செடியின் சாறுதான் காரணம் என்று தெரியும்வரை அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. வெட்டியதற்கான பணம் கணக்கில் ஏறியிருக்கும். செடி அங்கேதான் இருக்கிறது.

3. "இது சாமிப்பூ, மூலிகை வேறு. இதைப் போய் அழிக்கச் சொன்னால் எப்படி?" என்று ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் தரவில்லை. ஆகவே பேச்சுக்குப் பதிலை நாங்கள் எழுத்தில் தருகிறோம்.

சிவனுக்குரிய பூ என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சிவராத்திரிக்கு முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தில் ஓடுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் பானகமும் மோரும் கொடுக்கிற தெரு எங்களுடையது. பிறையோடு மத்தத்தையும், அதாவது இந்த ஊமத்தையையும், சடையில் சூடியவன் என்று தேவாரம் அவனைப் பாடுகிறது. சரி. அவன் ஆலகாலத்தையே வாங்கிக் குடித்தவன். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு விஷத்தைத் தாங்கும் அந்தத் தொண்டை இல்லையே ஐயா!

மூலிகை என்பதும் உண்மைதான். எங்கள் ஊர் வைத்திய ஆசான் இலையை வாட்டி மூட்டு வீக்கத்தில் வைத்துக் கட்டுவார். இலைச்சாறும் தேங்காயெண்ணெயும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சிய மத்தன் தைலம் ஆறாத புண்ணுக்குச் சித்த மருத்துவத்தில் இன்றும் உண்டு. எல்லாம் மேலுக்குப் போடுவது. உள்ளுக்குக் கொடுப்பதானால் விஷம் முறிய முறைப்படி சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று அந்த ஆசானே சொல்கிறார். வெறிநாய்க் கடிக்கு இதை உள்ளுக்குக் கொடுத்த காலமும் இருந்தது. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இருக்கிறது, யாரும் அந்தப் பழைய வழிக்குப் போக வேண்டியதில்லை. காய்ந்த இலையின் புகையை இழுத்தால் இளைப்பு அடங்கும் என்ற வழக்கம் 1800-களின் தொடக்கத்தில் மதராஸிலிருந்துதான் இங்கிலாந்துக்குப் போனது. பிறகு ஆஸ்துமா சிகரெட் என்று பெட்டியில் அடைத்தே விற்றிருக்கிறார்கள். இதிலுள்ள அட்ரோபினைத்தான் கண் டாக்டர் சொட்டு மருந்தாக விடுகிறார், பூச்சிமருந்து குடித்தவரைப் பிழைக்கவைக்க ஊசியாகப் போடுகிறார். ஆனால் அதெல்லாம் அளந்த மருந்து. சானல் கரையில் நிற்கும் செடியில் எந்தக் காயில் எவ்வளவு விஷம் என்று யாராலும் சொல்ல முடியாது. செடிக்குச் செடி, காலத்துக்குக் காலம் அது மாறும்.

பழைய கதையும் நல்ல கதை அல்ல. எங்கள் தெருவில் தாவரவியல் படிக்கும் பெண் தேடி எடுத்துத் தந்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறோம். போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-ல் கோவாவில் அச்சிட்ட நூலில், திருடர்கள் இதைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்து, புத்தி தடுமாறியவர்களிடம் கொள்ளையடித்ததை எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் வழிப்பயணிகளை இந்த விதையால் மயக்கிக் கொள்ளையடித்த வழக்குகள் வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களில் எத்தனையோ. அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் என்ற இடத்தில் 1676-ல் கலகத்தை அடக்கப் போன பட்டாளத்துக்காரர்கள் இதே இனத்துச் செடி ஒன்றைக் கீரை என்று வேகவைத்துத் தின்றுவிட்டு, 11 நாள் பித்துப்பிடித்துக் கிடந்தார்களாம். தெளிந்த பிறகு நடந்தது ஒன்றும் அவர்களுக்கு நினைவில்லை. வளர்ந்த பட்டாளத்துக்காரனுக்கே அந்தக் கதி.

வைத்தியருக்குத் தேவையென்றால் வேலி போட்டு ஓரிடத்தில் வளர்க்கட்டும், கோயிலுக்கும் அங்கிருந்தே பூ போகட்டும். இந்தச் செடியே உலகத்தில் இருக்கக்கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. அங்கன்வாடிச் சுவரோரம் இருக்கக்கூடாது என்றுதான் கேட்கிறோம்.

4. இதை எழுதும் நான் குழுவின் செயலாளர் மட்டுமல்ல. என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வயது நான்கு. மகள் முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். காலையில் பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவாள். மையத்தின் பின்கதவு தாழ்ப்பாள் உடைந்து நெடுநாளாகிறது (அதற்கும் மனு கொடுத்திருக்கிறோம், அது தனிக் கதை). விளையாடப் போன இடத்தில் வெடித்த காய் ஒன்றிலிருந்து விதையை எடுத்துத் தின்றிருக்கிறான். மிளகாய் விதை மாதிரிதான் இருக்கும் அது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேட்டான். கொடுத்தால் விழுங்க முடியவில்லை. முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. உடம்பு கொதிக்கிறது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. கண்ணில் கருமணியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நிற்க வைத்தால் விழுகிறான். அப்புறம் காற்றில் எதையோ பறிக்க ஆரம்பித்தான். பூச்சி என்றான். சுவரைப் பார்த்துச் சிரித்தான். பெற்ற தாய் முன்னால் உட்கார்ந்து "மக்களே, அம்மையப் பாரு" என்று கதறுகிறாள், அவளை யாரென்றே தெரியாமல் பயந்து என் பின்னால் ஒளிகிறான். அக்கம்பக்கத்தில் பேய்க்கோளாறு என்றார்கள், ஓதிக் கயிறு கட்ட ஆளைக் கூப்பிடவும் கிளம்பிவிட்டார்கள். 108 வண்டி பாலத்துக்கு இந்தப் பக்கம் வராது என்பதால் ஆட்டோவில்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன தின்றான் என்பது. எங்களுக்குத் தெரியாது. நர்ஸ் ஒருவர் அவன் நிக்கர் பையைத் தடவிப் பார்த்து ஒரு முள்ளுக்காயை எடுத்துக் காட்டினார். அவருக்குக் கோடிப் புண்ணியம். உமிழ்நீர், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றையும் நடத்துகிற நரம்புச் செய்தியை இந்த விஷம் அடைத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். சிறுநீர் பிரியாமல் அடிவயிறு கல்லாக வீங்கியிருந்தது, குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். பிஞ்சுக் கை இரண்டையும் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள், ஊசியைப் பிடுங்கிவிடுகிறான் என்று. இதயம் துடித்த வேகத்தை அந்தத் திரையில் பார்த்துக்கொண்டே என் மகள் இரவு முழுக்க நின்றாள். அவன் அவளை "அம்மா" என்று கூப்பிட மறுநாள் சாயங்காலம் ஆனது. வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைப் பொத்திக்கொண்டே இருந்தான்.

இந்தப் பிள்ளை பிழைத்தது கடவுள் கருணை. இவ்வளவும் முந்தைய மனுவிலும் எழுதியிருந்தோம், மருத்துவமனைச் சீட்டின் நகலும் வைத்திருந்தோம். செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, "தங்கள் கோரிக்கை மீது நடவடிக்கை முடிக்கப்பட்டது" என்று. என்ன நடவடிக்கை ஐயா? யார் வந்தார்கள்? எந்தச் செடியைப் பிடுங்கினார்கள்? குறுஞ்செய்தி வந்த அன்று நாங்கள் போய்ப் பார்த்தோம், சுவரோரம் புதிதாகப் பூத்திருந்தது. அரண்மனை பார்க்க விருந்தினர் வருகிறார்கள் என்றால் பத்மநாபபுரம் ரோட்டோரம் ஒரே நாளில் சுத்தமாகிறது. எங்கள் பிள்ளைகள் விருந்தினர் இல்லை, அதனால் கரை இப்படியே கிடக்கிறது.

இப்போது பாதித் தாய்மார் பிள்ளையை மையத்துக்கு அனுப்புவதில்லை. அனுப்பாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பிள்ளைக்கு மையத்தில் கிடைக்கிற முட்டையும் சத்துமாவும் போய்விட்டது. என் மகளும் வேலையை விட்டுவிட்டாள். மாசச் சீட்டுக் கட்ட முடியாமல் குழுவில் கடன் வாங்கியிருக்கிறாள், அந்தக் கடன் கணக்கை எழுதுவதும் நான்தான். செடியைப் பிடுங்க ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலை நடக்காததற்கு எத்தனை வீட்டில் அடுப்பு அணைய வேண்டும்? தயவுசெய்து அகற்றித் தாருங்கள்.

5. பெரிய பையன்களையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைத் தின்றால் போதை வரும் என்று செல்போனில் எதையோ பார்த்துவிட்டுப் பாலத்தடியில் சுற்றுகிறார்கள். போதை எங்கே ஐயா, இல்லாததை எல்லாம் உண்மை என்று நம்பி, ஓடுகிற சானலிலோ ரோட்டிலோ போய் விழுவார்கள். கண்டித்தால் எங்களைத்தான் முறைக்கிறார்கள்.

6. ஆகவே திரும்பவும் கேட்கிறோம். செடிகளை வெட்டாமல் வேரோடு பிடுங்க வேண்டும். காய் வெடிக்கும் முன், கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குச் சானலில் தண்ணீர் விடும் முன் செய்ய வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் விதையெல்லாம் அடுத்த ஊருக்கும் போய்விடும். பிடுங்கியதைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் ஆழக் குழியில் புதைக்க வேண்டும். தயவுசெய்து அங்கேயே போட்டுக் கொளுத்திவிடாதீர்கள், அந்தப் புகையும் ஆகாது, மையத்துக்குள்தான் போகும். இந்த விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் என்பதால் அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை, அதற்கடுத்த மழைக்குப் பிறகும் ஒருமுறை ஆள் வர வேண்டும். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். ஊமத்தங்காயின் படம் போட்டு, தின்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், காயையும் கையோடு எடுத்துப்போக வேண்டும் என்று ஒரு பலகையும் வைத்தால் நல்லது. பலகைக்கு நிதி இல்லையென்றால் அதை எங்கள் குழுவே எழுதி வைத்துக்கொள்ளும். செடியை மட்டுமாவது பிடுங்கித் தாருங்கள்.

கரை ஒரு துறையுடையது, மையம் இன்னொரு துறையுடையது, வேலைக்கு ஆள் விடுவது வேறொருவர் என்று இத்தனை நாளும் எங்களை அலைய விட்டுவிட்டார்கள். மூவரையும் ஒரே நாளில் அந்தப் பாலத்துக்கு வரச் சொல்லத் தங்களால்தான் முடியும். அதனால்தான் மறுபடி தங்களிடமே வந்திருக்கிறோம். கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் பெரிய மனதோடு பொறுத்தருள வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சானல் கரைத் தெரு பொதுமக்கள் சார்பாக,
மகளிர் சுயஉதவிக் குழுச் செயலாளர்.

பின்குறிப்பு: வேலைக்கு வருகிறவர்களுக்கான கையுறைகளை நாங்களே வாங்கி ரேஷன் கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மையத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், வேலைக்கு வசதியாக இருக்கும்.