உறுமிப் பாட்டை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள முனியாண்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். ஒரு வாரமாக மழை விடவில்லை, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

உன் உறுமிமேளக் குழுப் பையன்கள் ஆறு பாட்டையும் பதிவு செய்துவிட்டார்கள், தைப்பூசத்துக்கு முன் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஏற்றுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் அதிகம். அதைச் செய்யாமல் ஏற்றிவிட்டுப் பிறகு தவிக்கிற குழுக்கள் நம் ஊர்களில் நிறைய.

கேசட் காலத்தில் கடைக்காரர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார், அத்தோடு கணக்கு முடிந்தது. 1999-ல், பாட்டை ஒருவருக்கொருவர் இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் வந்து அந்தக் கணக்கைக் கலைத்தது. 4 எம்.பி. பாட்டு ஒன்று தொலைபேசிக் கம்பி வழியே இறங்கப் பத்து நிமிடமாகும், ஆனாலும் இலவசம் என்பதால் உலகமே காத்துக்கிடந்தது. 2003-ல் ஆப்பிள் ஒரு பாட்டை 99 அமெரிக்க சென்டுக்கு விற்கத் தொடங்கியது. 2013 ஏப்ரலில், இணையத்திலேயே பாட்டைக் கேட்க வைக்கும் ஸ்போட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது. அதோடு பாட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமே போய், ஒவ்வொரு முறை கேட்பதும் கணக்கில் ஏறுகிற முறை வந்துவிட்டது. பால்மரம் மாதிரிதான்: சொட்டுச் சொட்டாக, ஆனால் பல வருடம் வடியும். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு ஒழுங்காக மாட்டப்படாவிட்டால் எல்லாம் மண்ணுக்குத்தான்.

அந்த மங்கு எது என்றால், பாட்டோடு நீ எழுதிக் கொடுக்கிற பெயர்களும் பங்குகளும். சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு இரண்டு சொத்து. சொல்லும் மெட்டும் ஒன்று, அதைப் பாடி வாசித்துப் பிடித்து வைத்த பதிவு இன்னொன்று. வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் முதல் சொத்துக்கு உரியவர்கள். பதிவு என்று வந்தால், 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்கு ஏற்பாடு செய்தவரே ஆக்கியவராகக் கருதப்படுவார். பதிவுக்கூடத்துக்குப் பணம் கட்டியது யார்? கோயில் நிர்வாகமா, நீயா, பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டதா? இதை இப்போதே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் பாட்டு ஓடாத வரை யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். ஓடிய பிறகு கேட்டால் குழுவே உடையும். பதிவுக்கூடக்காரரிடமும் "பதிவு குழுவுக்கே சொந்தம்" என்று ஒரு வரி எழுதி வாங்கு.

அடுத்தது மெட்டு. ஆறில் இரண்டு பாட்டு சினிமா மெட்டில் முருகனைப் பாடியது என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டையும் ஏற்றாதே. கோயில் வாசலில் வாசித்தபோது யாரும் தடுக்கவில்லை என்பது இங்கே செல்லாது. பிறருக்கு உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி, பதிவை மட்டுமல்ல, மெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பிடித்துவிட்டால் அந்தக் காணொளியின் வருமானம் படப்பாடல் உரிமையாளருக்குப் போய்விடும், சில நேரம் காணொளியே நிற்கும். ஒரு பாட்டை அப்படியே திரும்பப் பாடுவதற்கு உரிமம் வாங்க வழியுண்டு. வரியை மாற்றினால் அது வேறு படைப்பாகிவிடும், உரிமையாளரிடம் நேரடியாக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நமக்கு அது நடக்கிற காரியமில்லை.

பழைய பாட்டுகள் நம்மிடம் குறைவா என்ன? அருணகிரிநாதரின் திருப்புகழ் இருக்கிறது. 1891-லேயே மறைந்துவிட்ட அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து இருக்கிறது. வரிகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் இன்றைய பாடகர் ஒருவர் அதற்குப் புதிதாகப் போட்ட மெட்டை எடுக்காதே, அது அவருடையது. நம் தோட்டத்து லய வீடுகளில் பாட்டிகள் பாடிய கும்மி மெட்டுகள் எத்தனையோ பதிவாகாமலே போய்க்கொண்டிருக்கின்றன. பையன்கள் அவற்றைத் தேடிப் பிடித்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

பதிவுக்கூடத்திலிருந்து, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகக் கேட்டு வாங்கு: 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஐந்து நிமிடப் பாட்டு 80 எம்.பி. அளவு வரும். அதே பாட்டு 5 எம்.பி.க்குள் வந்தால் அது சுருக்கிய எம்.பி.3. அதை மறுபடி வேவாக மாற்றினாலும் போன ஒலி திரும்பாது. வாட்ஸ்அப்பில் வாங்கினால் ஆவணமாக அனுப்பச் சொல், இல்லையென்றால் பென்டிரைவில் வாங்கு.

உறுமிக்கு இரண்டு சங்கடம் உண்டு. இடப்பக்கத்துத் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் மிகத் தாழ்ந்த ஒலி, கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்காமலே போகும். கலவை முடிந்ததும் பெரிய பெட்டியில் மட்டும் கேட்டுத் தலையாட்டாமல் கைப்பேசியிலும் போட்டுக் கேளுங்கள். முனகல் காணாமல் போயிருந்தால், அதன் மேல்சுரங்களைக் கொஞ்சம் தூக்கச் சொல். அடிவயிற்று ஒலியை மட்டும் கூட்டினால் பயனில்லை. இரண்டாவது, சத்தம். எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது ஸ்போட்டிஃபையின் வழக்கம், அந்த அளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). நீங்கள் மைனஸ் 7 வரை நெருக்கிக் கொடுத்தால் அவர்கள் 7 டெசிபல் குறைத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது தட்டையான அடிதான், பம்பையின் வெட்டு போய்விடும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்குக் கீழே நிறுத்தச் சொல், சுருக்கும்போது கரகரக்காது.

ஸ்போட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பு. அதனால் முன்னால் வரும் விருத்தத்தை வெட்டிவிடச் சொல்வார்கள், வெட்டாதே. விருத்தமில்லாமல் உறுமி இறங்கினால் சாமி அழைப்பே இல்லாமல் போகும். விருத்தத்தைத் தனிப் பாட்டாகப் பெயர் கொடுத்து முதலில் வை, அதற்கும் தனிக் கணக்கு ஓடும்.

ஸ்போட்டிஃபையில் நாமே நேராக ஏற்ற முடியாது, நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். அப்படி ஒரு நிறுவனமான டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா முறை. சந்தாவை நிறுத்தினால், தனிக் கட்டணம் கட்டி வைத்தாலொழிய பாட்டும் இறங்கிவிடும். இன்னொரு நிறுவனமான சி.டி. பேபி ஒரு முறை கட்டணம் வாங்கி, வருமானத்தில் 9 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஓரிரு முறை பாட்டு வெளியிடுகிற கோயில் குழுவுக்கு இரண்டாவதே நல்லது. பொருளாளர் மாறி, சந்தா கட்ட மறந்து, பாட்டெல்லாம் மறைகிற ஆபத்து அதில் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து எண் கொடுப்பார்கள். அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வை. பின்னால் விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்புக் கணக்கு கூடவே வரும்.

குழுவின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எப்போதும் எழுது. "ஸ்ரீ முருகன்" என்று தொடங்கும் உறுமிக் குழுக்கள் எத்தனை! பாட்டு வேறு குழுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள். அட்டைப்படம் 3000-க்கு 3000 புள்ளி, சதுரம். நம் குழுக்கள் வழக்கமாகப் போடும் கைப்பேசி எண், முகநூல் சின்னம் எதுவும் அதில் இருக்கக் கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். இணையத்தில் கிடைத்த முருகன் படமும் வேண்டாம், அதை வரைந்தவருக்கு உரிமை உண்டு. உங்கள் உறுமியையே படம் எடுங்கள்.

வெளியிடும் நாளுக்கு நான்கு வாரம் முன்பே அனுப்பிவிடு. ஸ்போட்டிஃபை தொகுப்பாளர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் முன்பாவது அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். கன்டென்ட் ஐடி வேண்டுமா என்று விநியோகஸ்தர் கேட்பார். கீபோர்டில் இருந்த ஆயத்தத் தாளத்தைச் சேர்த்த பாட்டுக்கு வேண்டாம் என்று சொல், அதே தாளத்தை வைத்திருக்கிற மற்றவர் பாட்டின் மேல் உன் பெயரில் புகார் போகும். மற்றவற்றுக்குச் சேர்த்துக்கொள். ஆனால் காணொளியைத் தடுக்காமல் வருமானம் மட்டும் பெறும்படி வை. பத்துமலையில் காவடி எடுத்த பக்தர் தன் காணொளியில் உங்கள் பாட்டு கேட்கிறது என்பதற்காக அதை இழக்கக் கூடாது.

பணத்தைப் பற்றிப் பையன்களிடம் உள்ளதைச் சொல்லிவிடு. ஒரு கேட்புக்கு அமெரிக்க சென்டில் ஒரு துண்டுதான். 2024 முதல், 12 மாதத்தில் 1000 கேட்பு தாண்டாத பாட்டின் பதிவுக்கு ஸ்போட்டிஃபை காசே கொடுப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு எண்ணிக்கையை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கிட்டே சேர்க்காதே, பாட்டை நீக்குவார்கள், தண்டமும் போடுவார்கள். யூடியூப் வரிப் படிவத்தையும் நிரப்பி வை. அமெரிக்காவோடு நமக்கு வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால் அங்குள்ளவர்கள் பார்த்து வரும் பணத்தில் 30 விழுக்காடு பிடிப்பார்கள். படிவமே கொடுக்காவிட்டால் உலகம் முழுவதும் வரும் பணத்திலும் பிடிக்கலாம்.

எழுதிய பையனும் மெட்டமைத்தவனும் பாட்டு எழுதியவர்களுக்கும் மெட்டமைத்தவர்களுக்கும் உரிமைப் பணம் வசூலித்துத் தரும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராகி, பாட்டுகளைப் பதிந்துகொள்ளட்டும். வானொலியில் ஒலிபரப்பானால் அந்த வழியாகத்தான் அவர்களுக்கு வரும், விநியோகஸ்தர் இதைப் பார்த்துக்கொள்ள மாட்டார்.

மீதி நான்கு பாட்டின் பெயர், எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பங்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்தோடு படம் பிடித்து எனக்கு அனுப்பு. தமிழிலும் ஆங்கில எழுத்திலும் பெயர்களைச் சரிபார்த்துத் தருகிறேன். வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கோபால்