ஒரு நாளில் மூன்று பூங்கா ஆகாது

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செம்பாறைப் பாலைவனம் பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். மோவாப் ஊரில் தங்கினால் ஆர்ச்சஸ், கேனியன்லேண்ட்ஸ், டெட் ஹார்ஸ் பாயின்ட் ஆகிய மூன்று பூங்காக்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். காரை விட்டு அதிகம் இறங்காமல் பார்ப்பதென்றால் முடியும். நடக்கப் போகிறவர்களுக்கு, அதுவும் ஜூன், ஜூலையில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு, இது ஆபத்தான யோசனை. அந்தப் பாறைகளில் அடிக்கடி நடக்கிறவர்கள் நாங்கள். ஒரு நாளுக்கு ஆர்ச்சஸ் ஒன்றே போதும்; அதிலும் ஒரு பெரிய நடை, ஒரு சின்ன நடை.

கோடையில் அங்கே வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். 'நாங்கள் பார்க்காத வெயிலா?' என்று நம்மவர்கள் கேட்பார்கள். சென்னையில் வியர்வை வழியும், புழுங்கும், உடம்பே எச்சரித்துவிடும். யூட்டாவில் காற்று அவ்வளவு வறண்டது. வியர்ப்பதே தெரியாமல் ஈரம் ஆவியாகிவிடும். சட்டையில் உப்புப் பூத்த பிறகுதான் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியும். ஒதுங்க ஒரு மரமில்லை, சோடா வாங்க ஒரு கடையில்லை. பூங்காவுக்குள் சாப்பாடும் கிடைக்காது. குடிதண்ணீர் கிடைப்பது நுழைவாயில் அருகே உள்ள பார்வையாளர் மையத்திலும், சாலை முடியும் இடமான டெவில்ஸ் கார்டனிலும்தான். இரண்டுக்கும் நடுவே சுமார் 29 கிலோமீட்டர்.

ஆர்ச்சஸில் எல்லோரும் பார்க்க விரும்புவது டெலிகேட் ஆர்ச் என்ற இயற்கைக் கல்வளைவு. வுல்ஃப் ரான்ச் கார் நிறுத்தத்திலிருந்து போக வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 150 மீட்டர். எண்ணைப் பார்த்தால் கோயில் மலை ஏறுவது போலத்தான் தோன்றும். ஆனால் படிக்கட்டும் கிடையாது, நிழலும் கிடையாது. நடுவில் ஒரே மொட்டைப் பாறைச் சரிவு. அதில் பாதை என்று எதுவும் தெரியாது. சிறு கற்களை அடுக்கி வைத்த குவியல்கள்தான் அடையாளம். ஒரு குவியலை அடைந்ததும் அடுத்ததைக் கண்ணால் பிடித்த பிறகே நகர வேண்டும். தெரியவில்லையென்றால் முன்னே போய்த் தேடாமல், கடைசியாகப் பார்த்த குவியலுக்குத் திரும்புங்கள். விளையாட்டாகப் புதுக் குவியல் கட்டுவது பின்னால் வருபவரை வழிதவற வைக்கும். முடிவில் சுமார் 180 மீட்டருக்குப் பாறை விளிம்பை ஒட்டிய தடம். அங்கே குழந்தைகளைச் சுவர்ப் பக்கம் நடக்க விடுங்கள்.

கோடையில் விடிகிற நேரமான ஆறு மணிக்கே வுல்ஃப் ரான்ச்சில் இருக்க வேண்டும். மோவாப் ஊரிலிருந்து வாயிலுக்கு 8 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் 21. ஐந்து மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். பெரியவர்களோடு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒன்பதுக்குக் காருக்கு வந்துவிடலாம். பிறகு டெவில்ஸ் கார்டனில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை போக வர 3 கிலோமீட்டர். பதினோரு மணிக்கு மேல் நடக்காதீர்கள். அறைக்குத் திரும்பி உறங்குங்கள். விண்டோஸ் பகுதியின் குட்டி நடைகளை மாலை ஆறுக்கு மேல் பார்க்கலாம். டெலிகேட் ஆர்ச்சின் மேல் அந்திவெயில் விழும்போதுதான் படம் அழகாக வரும் என்பது உண்மை. அந்த ஆசை உள்ளவர்கள் அக்டோபரில் வாருங்கள், ஆளுக்கொரு தலைவிளக்கோடு. இருட்டில் கற்குவியல்கள் கண்ணில் படாது. செல்போன் வெளிச்சத்தை நம்பி இறங்கக் கூடாது.

மூட்டு வலி உள்ளவர்களை மேலே இழுத்துப் போக வேண்டியதில்லை. சாலை வழியாகவே போகக்கூடிய டெலிகேட் ஆர்ச் பார்வையிடத்தில், நூறு மீட்டருக்குள்ளான சமதளத்தில் நின்று பார்க்கலாம். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தெரியும். பைனாகுலர் கொண்டு போங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். நான்கு பேர் என்றால் காரில் 16 லிட்டர் இருக்க வேண்டும். டெலிகேட் நடைக்கு அதில் ஆளுக்கு 2 லிட்டரை முதுகுப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் அரை லிட்டர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்; தண்ணீரும் போதாது, பாறையில் ஊன்றக் கையும் இருக்காது. தண்ணீரை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு. முதல் பங்கு தீர்ந்தால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். வரும்போது வெயில் ஏறியிருக்கும் என்பதால் கைவசப் பங்கில் கை வைக்கக் கூடாது. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். தாகம் என்று நினைத்து இன்னும் குடித்தால் மோசமாகும். முறுக்கு, உப்புக்கடலை, ஊறுகாயோடு இரண்டு சப்பாத்தி என்று நடுநடுவே கொறியுங்கள். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, எல்லாம் தலைதட்டிய அளவு, கரைத்த பாட்டில் ஒன்று காரில் இருக்கட்டும். தயிர்சாதத்தை மட்டும் ஐஸ் பெட்டியில்லாமல் காரில் வைக்காதீர்கள். சிறுநீர் அதிகம் பிரியவைக்கும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், நிழலில் கிடத்தி உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். பல இடங்களில் சிக்னல் இருக்காது. யாராவது சாலைக்கு ஓட வேண்டியிருக்கும். வரைபடத்தையும் முதல் நாளே போனில் இறக்கி வைப்பது அதனால்தான்.

நம் ஊர் பருத்தித் துண்டுக்கு இணையில்லை: நனைத்துக் கழுத்தில் போட்டால் கோடையில் அதுதான் ஏசி. செருப்பு வேண்டாம். உலர்ந்த மணற்பாறை ரப்பர் அடியை நன்றாகவே பிடிக்கும். ஏறும்போது தைரியம் வருவதும் அதனால்தான். வழுக்குவது இறங்கும்போது, பாறைமேல் சிதறிக் கிடக்கும் மணலில். முழுப் பாதத்தையும் பதித்து, முட்டியை லேசாக மடக்கி, சிறு எட்டாக இறங்க வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை டெலிகேட் ஆர்ச்சின் விளிம்புத் தடத்தில் பனி உறைந்திருக்கலாம். காலணியில் மாட்டும் இரும்பு முள்பட்டை இல்லாமல் போகாதீர்கள்.

பாதையோரம் கருத்து, கரடுமுரடாகத் தெரியும் மண் பொருக்கு உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசியும் லைக்கன் என்னும் கற்பாசியும் சேர்ந்து மணலைப் பிணைத்து வைத்திருக்கின்றன. ஒரு மிதி மிதித்தால் பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். செல்ஃபிக்காக விலகுவதானால் பாறைமேல் கால் வையுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வரும். குறுகிய பள்ளத்தாக்குகளில் தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும் வெள்ளம் வந்துவிடும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டலோப் கேனியனில் 11 பேர் இறந்தது தொலைவில் பெய்த மழையால்தான்.

இன்னொன்று: 2022 முதல் ஆர்ச்சஸில் நெரிசல் மாதங்களில் நுழைவு நேரத்தை முன்பதிவு செய்யும் முறை இருந்தது. இது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. நடைமுறையைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டே விமான டிக்கெட் போடுங்கள்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பது டெலிகேட் ஆர்ச் அல்ல, லேண்ட்ஸ்கேப் ஆர்ச். டெலிகேட் தனியாக நிற்கும். இது குன்றை ஒட்டி 90 மீட்டர் நீளத்துக்கு மெல்லிசாகக் கிடக்கும். 1991-இல் இதன் அடியிலிருந்து ஒரு பெரிய பாளம் உடைந்து விழுந்தது; அதன் பிறகு வளைவின் அடியில் போகும் தடத்தை மூடிவிட்டார்கள். படக்குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

— நடைப் பயண ஆர்வலர்கள் சிலர்,
சால்ட் லேக் சிட்டி, யூட்டா