கலர் போனா போதாதுங்க, உப்பு போகணும்

ஆசிரியருக்கு வணக்கம்ங்க. திருப்பூர் சாயத்தண்ணி பத்தி பேசுறவங்க கலரை மட்டும்தான் பாக்குறாங்க, கலர் போனாலும் உப்பு கரைஞ்சு அப்படியே நிக்கும், வெளிய விடுற தண்ணில டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கற உப்பு மாதிரி பொருளோட மொத்த அளவு, லிமிட் லிட்டருக்கு 2100 மில்லிகிராம், சாயத்தண்ணில அதைவிட ரொம்ப அதிகம். 2011ல ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்புறம் தண்ணிய வடிகட்டுற ஆர்ஓ, மிச்சத்தை காய்ச்சி ஆவியாக்குற எவாப்பரேட்டர் எல்லாம் ஒழுங்கா ஓட ஆரம்பிச்சுது, நல்லதுதான். ஆனா கடைசில மிஞ்சுற கலப்பு உப்பு? நான் வேலை பாக்குற பிளாண்ட்ல மூட்டை மூட்டையா ஷெட்ல கிடக்கு, மழைக்காத்து பட்டா கசிஞ்சு தரையெல்லாம் வெள்ளையா பூத்துடுது. அதுல இருக்கற சோடியம் சல்பேட்ங்கற உப்பை பிரிச்சு திரும்ப சாயத்துக்கே போடலாம்ங்க, சில இடத்துல செய்றாங்க. அதை எல்லாருக்கும் கட்டாயமாக்குங்க. நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி தேங்கின ஒரத்துப்பாளையம் அணைத்தண்ணியால கெட்டுப்போன கிணறுகளை பாத்துட்டுத்தான் இத எழுதுறேன்.

இப்படிக்கு,
பிளாண்ட் ஆபரேட்டர், திருப்பூர்