கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு கம்பி கட்டுபவனின் மடல்

மதிப்பிற்குரிய ஒப்பந்ததாரர்களுக்கும் சைட் இன்ஜினியர்களுக்கும்,

வாசலிலேயே ஹெல்மெட், பெல்ட், ஷூ எல்லாம் பார்த்துத்தான் உள்ளே விடுகிறீர்கள். சரிதான். சட்டைப் பையில் இருக்கும் மாத்திரை அட்டையைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. பிடிபட்டால் வேலை போகும், அவ்வளவுதான்.

இருபது வருடமாகக் கம்பி கட்டுகிறேன். நாள் முழுக்கக் குனிந்தே வேலை. சாயங்காலம் நிமிர்ந்தால் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும். லீவு போட்டால் கூலி இல்லை. நாலு நாள் போட்டால் அந்த இடத்தில் வேறு ஆள். முதலில் டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரைதான். அபின் குடும்பத்து மருந்து என்று யாருக்குத் தெரியும்? ஒன்று இரண்டானது. மருந்துச் சீட்டு முடிந்ததும் கைமாற்றாக வாங்கினோம். அப்படி வெளியில் வாங்குவதில் ஃபென்டனில் என்ற அபின் வகை மருந்து கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம்.

என் கூட்டாளி கையில் அடிபட்டு ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தான். மாத்திரையையும் விட்டிருந்தான். திரும்பி வந்த அன்று பழைய கணக்கிலேயே போட்டுக்கொண்டான். இடைவெளி விட்டால் உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. சாப்பாட்டு வேளையில் சிமெண்ட் மூட்டைமேல் சாய்ந்தான், கரகரவென்று குறட்டை. அசதி, தூங்கட்டும் என்று வெயில் படாமல் முகத்தில் துண்டைப் போட்டதே நான்தான். அது மூச்சு அடங்குகிற சத்தம். துண்டை எடுத்தபோது உதடு நீலம். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும்தான் இருந்தன.

நாலாக்ஸோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. மூக்கில் அடித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சைத் திருப்பும். அபின் வகை எதுவும் எடுக்காதவனுக்கு அடித்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் அதன் வேலை தீர்ந்துவிடலாம், அதனால் ஆம்புலன்ஸையும் கூப்பிட்டே ஆகவேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் இந்த ஆபத்து உள்ள பணியிடங்களில் இதை வைத்திருப்பது 2023 ஜூன் முதல் சட்டம். அமெரிக்காவில் 2020-இல் போதை மருந்து மிகையாகி இறந்தவர்கள், கட்டுமானம், சுரங்கத் தொழிலாளர்களில் லட்சத்துக்கு 162.6 பேர். வேறெந்தத் தொழில் பிரிவிலும் இவ்வளவு இல்லை.

பெட்டியில் மருந்து வைப்பது சுலபம். சீட்டுக் கிழியும் என்ற பயத்தில்தான் கழிப்பறையில் தாழ்போட்டுக்கொண்டு மாத்திரை போடுகிறார்கள். உள்ளே விழுந்து கிடப்பவனுக்கு யார் மூக்கில் அடிப்பது? தானாக வந்து சொல்பவனை நிறுத்தாதீர்கள். இந்தப் பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மருந்துச் சிகிச்சைக்குப் போய்வர நேரம் கொடுங்கள். அடிபட்டவனுக்கு ஆறும்வரை கூலியோடு இலகுவான வேலை கொடுங்கள்.

நாளைக் காலைக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தக் குறட்டை எப்படி இருக்கும் என்று நானே செய்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கம்பி கட்டும் தொழிலாளி ஒருவன்