சாயத்தண்ணி எடுத்து வைத்த அக்காவுக்கு

முகாமை விட்டு வந்து ஒன்பது நாளாகிறது. தங்கச்சி வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டித்வா புயலில் மண் சரிந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீடுகள், எங்கள் லயம், என்ன ஆனது, யார் யாரை இழந்தோம் என்பதெல்லாம் இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்கு இப்போது நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தள்ளிப்போட்டால் வீட்டுப் பதிவு, அடையாள அட்டை, அந்தக் கடிதம் இந்தக் கடிதம் என்று அலைச்சலில் விட்டுப்போய்விடும்.

இருட்டில் கயிறு பிடித்து எங்கள் பெரியவர்களை முதுகில் சுமந்து ஸ்டோர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த தோட்டத்துப் பொடியன்மார், விடிவதற்குள் வகுப்பறைகளைத் திறந்துவிட்ட அதிபர், பாய் அனுப்பிய விகாரை, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் லொறி பிடித்து வந்து எங்களைப் பார்த்ததும் சாமானை இறக்க மறந்து அழுத பிள்ளைகள், நான் வரைந்த பழைய படங்களை வாங்கி வைத்திருந்து இப்போது அவற்றைப் போட்டோ எடுத்து அனுப்பியவர்கள், உங்கள் எல்லோருக்கும் கை கூப்புகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். ஆனால் இந்த மடல் முகாம் குசினியில் சமைத்த ஒரு அக்காவுக்கு.

அதைச் சொல்ல என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் வரைய எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, அப்புறம் கொழுந்து பறிப்புதான். முதல் படம் எங்கள் காம்பராச் சுவரில் வரைந்தது, தேயிலைச் சக்கையைத் துணியில் கட்டித் தேய்த்து. அம்மா ஏசுவாள் என்று நினைத்தேன், அவள் அந்தப் பக்கத்துக்கு மட்டும் அந்த வருஷம் சுண்ணாம்பு அடிக்கவில்லை. ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலியாக, 1350 ரூபாய் வந்த காலத்திலும் நல்ல பிரஷ் ஒன்றும் நாலைந்து பெயின்ட் ட்யூப்பும் வாங்கினால் இரண்டு நாள் பேர் போய்விடும் என்பதால் என் படங்களில் பாதிக்கு மேல் தேயிலையும் செம்மண்ணும் அடுப்புக் கரியும் மஞ்சளும்தான். துணிக்குப் பழைய படங்கு, கஞ்சி போட்டு இழுத்துக் கட்டினால் நன்றாகவே நிற்கும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மாமார், மாசியில் காமன் கூத்தாடுகிற ரதியும் மதனும், பனியில் பாதி மறைந்த நமுனுகுல மலை, இவைதான் என் படங்கள். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வரத் தொடங்கிய 1823இலிருந்து இருநூறு வருஷம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் நடந்தபோது, நடக்கப் போக முடியாத நான் அந்தப் பாதையை வரைந்தேன், பன்னிரண்டு படம். எல்லாமாக 46 படங்கள் கட்டிலுக்கடியில் ட்ரங்குப் பெட்டியில் இருந்தன.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, முகாமில் நாட்கணக்கு சரியாக நினைவில்லை, பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்று கையில் கிடைத்தது. பிளேன்டீக்கு எங்கள் தோட்டத்தில் சாயத்தண்ணி என்றுதான் பேர். பத்து மணிக்குக் கொடுத்த சாயத்தண்ணியில் மிச்சம் இருந்ததை விரலால் தொட்டு அந்த அட்டையில் இழுத்துக்கொண்டிருந்தேன். வரைய வேண்டும் என்று இல்லை, விரல் தானாகப் போனது. மலையின் முதுகு மாதிரி ஒரு கோடு வந்தது. கோப்பை சேர்க்க வந்த குசினி அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தேயிலையை வீணாக்குகிறேன் என்று சொல்வாரோ என்று கையைப் பின்னால் மறைத்தேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு தயிர்ச் சட்டியை வாழையிலை போட்டு மூடி என் பாய்ப் பக்கம் வைத்தார். திறந்தால் பாணி மாதிரி கெட்டியாகச் சாயம். அன்றைக்கு இருநூறு பேருக்கு மேல் தேநீர் ஊற்றிய சக்கை முழுவதையும் கொட்டாமல் வைத்து, இரண்டாம் தண்ணி விட்டு, சமையல் முடிந்த அடுப்பின் தணலில் வைத்து வற்றவிட்டிருக்கிறார்.

"இது போதுமா நங்கி?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி.

என் சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் போதுமானது. "போதும் அக்கே" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அவருடைய அம்மா பன் புல்லில் பாய் பின்னுகிறவராம், பதங்கி என்கிற சாய மரக் கட்டையை அவித்து பன்னுக்குச் சிவப்பு ஏற்றுவாராம். கையாலேயே காட்டிக் காட்டிச் சொன்னார். சாயம் காய்ச்சுகிற வீட்டில் வளர்ந்தவர், என் விரலைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்கும் கீழே அவருடைய கிராமத்துக்கும் நடுவில் ஒரு ஓடைதான் இருக்கிறது. என் 41 வயசில் அந்த ஓடையைத் தாண்டி நான் கடைக்குத்தான் போயிருக்கிறேன், ஒரு வீட்டுக்கும் போனதில்லை.

அப்புறம் தினமும் சட்டி வந்தது. தேயிலைச் சாயத்தில் துருப்பிடித்த இரும்பைப் போட்டால் பழுப்பு நிறம் கறுத்து மை மாதிரி ஆகிவிடும், அதை அவருக்குக் காட்டுவதற்காக வாசலில் கிடந்த ஒரு ஆணியைப் போட்டு வைத்தேன். காலையில் பார்த்துவிட்டுச் சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். அடுத்த நாள் சட்டியோடு ஒரு காகிதப் பொட்டலம், பிரித்தால் கை நிறையத் துருப்பிடித்த ஆணி. அவை அவர் வீட்டுக் கூரைத் தகரத்தில் இருந்தவை என்று முகாமை விட்டுக் கிளம்புகிற அன்றைக்குத்தான் வேறொருவர் சொல்லி எனக்குத் தெரியும். அவர் வீடும் விழுந்திருக்கிறது. விழுந்த வீட்டிலிருந்து ஆணி பொறுக்கி எனக்குக் கொண்டுவந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் முகம் வரைந்ததே கிடையாது. கொழுந்து பறிக்கிற நிரையில் பின்னால் நிற்கிறவளுக்கு முன்னால் போகிறவளின் கூடையும் தலைத்துண்டும்தானே தெரியும், என் படங்களில் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் போவார்கள். முகம் எனக்கு வராது. அந்தச் சட்டியைப் பார்த்துவிட்டு அடுத்த பாயில் இருந்த அம்மா, தன் மகன் முகத்தை வரைந்து தரச் சொன்னார். போனும் மண்ணுக்குள், ஆல்பமும் மண்ணுக்குள், ஒரு போட்டோ மிச்சமில்லை. வராது அம்மா என்று இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் உட்கார்ந்தேன். "காது இன்னும் கொஞ்சம் விடைத்திருக்கும்", "இல்லை, அவன் இப்படிச் சிரிக்க மாட்டான், ஒரு பக்கம்தான் சிரிப்பான்" என்று அவர் சொல்லச் சொல்ல அட்டையில் துடைத்து, திரும்ப இழுத்து, இருட்டிய பிறகு மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். முகாமை விட்டு வரும்போது 11 முகங்கள் வரைந்திருந்தேன். எனக்கு முகம் வரைய வந்தது ஒரு தயிர்ச் சட்டிச் சாயத்தால்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. எங்கள் லயத்துக்கு மேலே உள்ள சரிவை நான் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். அங்கே நிழல் மரங்கள் நாலைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், அந்தச் சாய்வு எனக்கு அழகாகத் தெரிந்தது, வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியும் வரைந்தேன். மரம் சாய்வதும், நிலத்தில் வெடிப்பு விழுவதும், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவதும் மண் நகர்கிறதற்கு அடையாளம் என்று இப்போது வந்து சொல்கிறார்கள். அதைத் தினமும் உற்றுப் பார்த்தவள் நான். சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவர்கள் தெரிந்தாலும் எங்கே போயிருப்போம் என்பது வேறு கேள்வி, அதை நான் கேட்காமல் விடப் போவதில்லை. இனி மலையை வரைந்தால் வெடிப்பையும் வரைவேன். வரைவதற்கு முன்னால் லயத்து ஆட்களிடம் சொல்வேன்.

போட்டோ இல்லாத வீடுகளுக்கு இன்னும் முகம் வரைய வேண்டும். எந்தத் தோட்டமானாலும் சொல்லி அனுப்புங்கள், பஸ் போகிற இடம் என்றால் வருகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும். இதற்குக் காசு வாங்க மாட்டேன்.

அக்கே, இந்த மடலை உங்கள் மகள் உங்களுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் சட்டி என்னிடம்தான் இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், அடியில் கறுப்பு போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி வருகிறேன். கூரை போட ஆள் வருகிற நாள் அதுதான் என்றால் தகரம் பிடிக்க என் தம்பியும் வருவான். உங்கள் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அதற்குள் யோசித்து வையுங்கள்.