சாயங்காலம் நாலு மணித் தோப்பு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். ஃபோனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்று இரண்டு பேர், 2,250 பேரிடம் ஃபோன் வழியாக நினைத்த நேரத்துக்கு "இப்போ என்ன செய்றே, மனசு எங்கே இருக்கு" என்று கேட்டு 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனசு கையிலுள்ள வேலையில் இல்லையாம். அலைகிற மனசுக்குச் சந்தோஷமும் குறைச்சலாம். அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "எனக்கு 47 இல்லப்பா, 70 இருக்கும். எப்பப் பாத்தாலும் நம்ம தென்னந்தோப்புலதான் இருக்கேன்." பின்னாலேயே ஒரு சிரிக்கிற பொம்மை. அந்தப் பொம்மையை நான் நம்பவில்லை.

ஆராய்ச்சி பண்ணினவர்கள் எங்களைக் கேட்டிருந்தால் கணக்கு இன்னும் ஏறியிருக்கும். கல்லணைக் கால்வாயின் கடைமடை நாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் ஊர் ஊராகப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் நம் பக்கம் வரும், அதுவும் முறை வைத்து. எனக்குப் பதினைந்து பதினாறு வயதில் நம் முறை பெரும்பாலும் ராத்திரியில்தான் விழும். தாத்தா துண்டை விரித்து வரப்பில் படுத்துவிடுவார். மடை பார்ப்பது என் வேலை. ஒரு வயல் நிறைய எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்தில் மனசு எவ்வளவு தூரம் போய்வரும் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நான் போனது வானொலி நிலையத்துக்கு. அப்போதெல்லாம் பகலில் இலங்கை வானொலிதான். கடல் தாண்டினால் அந்தப் பக்கம் என்பதால் நம் ஊரில் சென்னையைவிடத் துல்லியமாக எடுக்கும். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேசுகிற வேகமும் அப்துல் ஹமீதின் உச்சரிப்பும் கேட்டால் பெரியப்பாகூட வெற்றிலை மெல்வதை நிறுத்துவார். ராத்திரி மடையில் நின்றுகொண்டு மண்வெட்டிக் காம்பை வாய்க்கு நேரே பிடித்து, "நேயர்களே, நேரம் சரியாகப் பன்னிரண்டு மணி" என்று தொடங்குவேன். தவளைகள் நிறுத்தாது. தாத்தா ஒருமுறை விழித்துக்கொண்டு, "எவன்டா அது, மடையை ஒடைக்கிறவன்?" என்று கத்தினார்.

அறிவிப்பாளர் ஆகவேண்டும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். பின்னாளில் யோசித்துப் பார்த்தால், அந்தக் கற்பனையில் கொழும்பு வந்ததே கிடையாது. ஸ்டுடியோ எப்படி இருக்கும், சம்பளம் எவ்வளவு, எதுவும் வராது. ஒரே ஒரு காட்சிதான் வரும்: பக்கத்து ஊர் டீக்கடையில் நாலு பேர் பேச்சை நிறுத்திவிட்டு என் குரலைக் கேட்கிறார்கள். நம் வீட்டில் பேச்சு என்றால் தாத்தாவும் பெரியப்பாவும்தான், அவர்களுக்கு நடுவில் கடைக்குட்டி என் பேச்சு எங்கே எடுபடும்? எனக்கு வேண்டியிருந்தது அந்த டீக்கடைதான், கயல்.

அது கிடைத்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. ஆடி, ஆவணி வந்தால் மொய் வாங்குவதற்கென்றே நம் பக்கத்தில் வைக்கிற மொய் விருந்துகளில் மைக் யார் கையில் இருக்கிறது? "அடுத்த பந்தி இன்னும் சில நிமிடங்களில் ஆரம்பமாகும், மொய் எழுதுமிடம் பந்தலின் கீழ்ப்புறம்" என்று ல, ள, ழ பிசகாமல் நான் சொல்லும்போது, கறிக்குழம்பு வாளியோடு ஓடுகிறவன் ஒரு விநாடி நின்று கேட்டுவிட்டுப் போகிறான். பள்ளிக்கூடக் காலத்தில் உனக்கு இது பெரிய வெட்கம், தெரியும். ஒவ்வொரு வருஷமும் நான் ஏன் விடாமல் போகிறேன் என்பதற்கு இதுதான் காரணம். மொய் பாக்கி இரண்டாவது காரணம்.

உங்கம்மா கதை வேறு. கல்யாணத்துக்கு முன்னால் கீரமங்கலத்தில் விடிகாலை பூக்கொல்லையில் குனிந்தால் வெயில் ஏறித்தான் நிமிர்வாள். அப்போது அவள் மனசு போன இடம் அறந்தாங்கி. தனியாகப் போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடி கிளாசில் ஒரு டீ. வீட்டுக்கு எதுவும் வாங்கி வருவதில்லை, யாரையும் பார்க்கப் போவதும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? நடுவில் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பலரும் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் போனார்களே, அதில் உங்கம்மாவும் ஒருத்தி. அதற்கப்புறம் ஒருநாள் அறந்தாங்கிக்கும் போயிருக்கிறாள். பெஞ்சு முழுக்க ஆம்பிளைகள். பெல்லை ஒருதரம் அடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாளாம்.

இப்போது உரக்கடைக்கு என்று சொல்லிவிட்டு எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு பேராவூரணி போகிறாள் அல்லவா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வருகிறாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது நான்தான் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

சந்தோஷம் குறையும் என்கிறார்களே, அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு தோப்பு கிடந்த கிடை உனக்கு நினைவிருக்கும். தாத்தா வைத்த மரங்கள், வேரோடு பாதி, குருத்து முறிந்து மீதி. அரசாங்கம் மரத்துக்கு 600, அப்புறப்படுத்த 500 என்று 1,100 ரூபாய் கொடுத்தது. அந்த நாட்களில் விழுந்த மரத்தின் மேல் போய் உட்காருவேன். மனசு எங்கேயும் போகாது. எதிரே இருக்கிற மட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஹார்வர்டுக்காரர்கள் அப்போது ஃபோன் பண்ணிக் கேட்டிருந்தால், கவனம் நூற்றுக்கு நூறு என்று எழுதியிருப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், நிழல் போய்விட்டதே, இந்த வெயிலுக்குக் கடலை போட்டால் என்ன என்று தோன்றியது. அங்கிருந்து கடலை, கடலைக்கு அப்புறம் உளுந்து, கன்று வைக்கக் குழி என்று மனசு ஓட ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் உங்கம்மா, "இன்னிக்கு ரெண்டு தரம் சோறு வாங்கினீங்க" என்றாள்.

இப்போது உன் தோப்புக்கு வருவோம். போன பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் வைத்து விவரமாகச் சொன்னாய். நடுவில் சின்ன ஓட்டு வீடு, இரண்டு பசு, மரச்செக்கு, எண்ணெயை இன்ஸ்டாகிராமில் விற்பது. அங்கே மணி என்ன என்று கேட்டேன். வெயில் சாய்ந்திருக்கும், நாலு இருக்கும் என்றாய். எப்போதுமா என்றேன். எப்போதும் என்றாய். மாட்டுக்குத் தீவனம் யார் வைக்கிறார்கள் என்றதற்குக் கொஞ்சம் யோசித்தாய். செக்கில் யார் நிற்கிறார்கள் என்றதற்கும் யோசித்தாய். அந்தத் தோப்பில் உன் கையில் ஃபோன் இருக்கிறதா என்று கேட்டேன் பார், அதற்கு மட்டும் நீ யோசிக்கவே இல்லை. "இல்லப்பா" என்று உடனே வந்தது. ஃபோன் இல்லாமல் இன்ஸ்டாகிராமில் எப்படி எண்ணெய் விற்பாய் என்று கேட்க வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு அமெரிக்காக்காரனோடு பேசுகிறாய், விடிந்ததும் கேப்பில் ஏறி அங்கேயும் லேப்டாப்பைத் திறக்கிறாய். யாரும் கூப்பிடாத ஒரு நாலு மணிதான் உனக்கு வேண்டியது என்று எனக்குப் படுகிறது. அதற்கு மூன்று ஏக்கர் தேவையா, அல்லது உன் மேனேஜரிடம் ஒரு பேச்சு போதுமா என்பதைப் பெங்களூரில் உன் ஒயிட்ஃபீல்டு ஆபீசிலேயே கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் மறுப்பார்கள் என்று நீ சொல்வாய். மறுக்கட்டும். மறுத்தால் அங்கே இருப்பதா வேண்டாமா என்பது தனி விஷயம். தோப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதே.

ஆனால் இவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. கஜாவுக்குப் பிறகு லீவு போட்டு வந்து நீ நட்ட கிணற்றடி வரிசையை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விசாரிக்கிறாய். அந்த வரிசையில் மூன்றாவது மரத்தில் முதல் பாளை வந்த படத்தை அனுப்பியபோது மீட்டிங்கை விட்டு எழுந்து வந்து பேசினாய். நாலு மணி வெயிலுக்காக மட்டும் ஏங்குகிறவள் மூன்றாவது மரத்தை ஏன் கேட்கப்போகிறாள்?

வருவதாக இருந்தால் கணக்கைத் தெரிந்துகொண்டு வா. இருபத்தைந்தடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். நெட்டை ரகம், அதனால் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் பிடித்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் மரத்துக்கு வருஷத்தில் நூறு காய் எதிர்பார்க்கலாம். நன்றாகப் பார்த்துக்கொள்வது என்பதில் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையாமல் இருப்பது, சுருள் வெள்ளை ஈ அடியோலையில் அடைந்து கீழோலையெல்லாம் கருப்பு பூத்துப் போகாமல் இருப்பது, எல்லாம் அடக்கம். ஒன்றரை மாதம், இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. வெட்டுக்கூலி, உரிகூலி, வண்டி வாடகை போகத்தான் உன் கை. வெட்டுக்காரர் வருகிறேன் என்ற நாளில் வந்தால் அன்றைக்கு அம்மா பாயசம் வைப்பாள். விலையைச் சொல்லவேண்டாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் காய் பத்து ரூபாய்க்குக் கேட்க ஆளில்லை. 2025-க்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 என்றார்கள், வெளிச்சந்தை அதையெல்லாம் தாண்டி எங்கேயோ போனது. எந்த வருஷத்தை நம்பி நீ வேலையை விடுவாய்? நல்ல விலை வந்த வருஷத்தில்தான் நம் ஊரில் எல்லோருக்கும் விவசாய ஆசை வரும். போன வருஷம் மட்டும் சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் வந்து தோப்பு விலை கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் தீர்ப்புச் சொல்ல நான் பொருத்தமான ஆள் கிடையாது. நீ வந்தால் எனக்கு நல்லது. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் மோட்டார் போட எழுந்து போக ஒரு துணை. உங்கம்மாவுக்குப் பேச ஆள். மொய் விருந்தில் மைக்கைக் கொஞ்சம் நேரம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். அதனால் நான் "வா" என்று சொன்னால் அதைப் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள். "வராதே" என்று சொன்னால், வைராக்கியத்துக்குச் சொல்கிறேன் என்று அதையும் குறைத்துக்கொள்.

இப்படிச் செய். அடுத்த பொங்கலுக்கு வரவேண்டாம். பொங்கலுக்கு ஊர் எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துபோவாய். சித்திரையில் வா, இரண்டு வாரம் லீவு போட்டுக்கொண்டு. விருந்தாளியாக வராதே. காலை ஆறு மணிக்குத் தோப்பில் நில். சொட்டுநீர்க் குழாயில் எலி கடித்த இடத்தைத் தேடு. வெட்டின காயை எண்ணு. வியாபாரி எண்ணிக்கையும் உன் எண்ணிக்கையும் ஒத்துவராது, நீயே பேசித் தீர், நான் நடுவில் வரமாட்டேன். ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிடு. கூலி உண்டு, மற்றவர்களுக்குக் கொடுப்பதுதான், மகள் என்று பத்து ரூபாய் கூட வராது. கையில் வேலை ஓடும்போது மனசு எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள். ஒயிட்ஃபீல்டுக்குப் போனால் அதையும் என்னிடம் மறைக்காமல் சொல்.

இதோடு தோப்புக் கணக்கு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். நட்டதிலிருந்து வரவு செலவு எல்லாம் இருக்கிறது. சிவப்பு மையில் எழுதியது கடன் என்பதால் ஜெராக்ஸில் தெரியாது, பக்கத்தில் 'க' என்று போட்டிருக்கிறேன். உரச் செலவில் ஒரு வருஷம் விட்டுப்போயிருக்கிறது, அது உங்கம்மா நோட்டில் இருக்கும், கேட்டு அனுப்புகிறேன். புரியாத இடத்தைக் குறித்துவைத்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடு, இந்த ஞாயிறு வெட்டு இருக்கிறது.

அன்புடன்,
அப்பா